மாத்தளை கப் 2008

"எட்டாம் நம்பர்ல வேற யாரையாவது போட்டுரு புள்ள" என்றாள் ஸுபைதா.

சொல்லும்போது அவள் கொறற்றியின் முகத்தைப் பார்க்கவில்லை. அச்சகத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்த சீடி அட்டைக் கட்டைப் பிரித்து, ஒன்றை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன வருடம் நீலச் சட்டை, இந்த வருடம் பச்சைச் சட்டை. மட்டையைச் சுழற்றுகிற ஆள் அதே ஆள். அவனுக்குப் பின்னால் கைதட்டுகிற கூட்டமும் அதே கூட்டம். கீழே மட்டும் 2007 போய் 2008 வந்திருந்தது.

மரிய கொறற்றி விசைப்பலகையில் வைத்த விரலை எடுக்காமல் கேட்டாள்.

"யாரைப் போடுறது?"

"லெட்சுமணன் அனுப்பின லிஸ்ட்ல ஒரு பேர் ஈக்கித்தானே. அதைப் போடு."

"அப்ப என் தம்பி?"

ஸுபைதா அட்டையைக் கட்டுக்குள் திரும்பச் செருகினாள். செருகிய பிறகும் அதன் ஓரத்தைத் தட்டித் தட்டிச் சரிசெய்தாள். ஒரு வருடத்துக்குத்தானே என்றாள். அவன் வெளியே வந்ததும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம் என்றாள். கொறற்றி விசைப்பலகையைத் தள்ளிவைத்தாள்.

மாத்தளை நகரத்துத் திருகோணமலை வீதியிலிருந்து பிரிகிற சந்தொன்றில் இருந்தது ஸுபைதாவின் கடை. புருஷன் உயிரோடு இருந்த காலத்தில் அது படக் கேசட் வாடகைக் கடை. அவர் மௌத்தாகிப் போனபின், கேசட்டும் மௌத்தாகிவிட, ஸுபைதா சீடிக்கு மாறினாள். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று வருடா வருடம் ஒரு கிரிக்கெட் விளையாட்டைக் கம்பியூட்டருக்காக வெளியிட்டது. அதைக் கொழும்பில் நகல் எடுத்தார்கள். கொழும்பு நகலை மாத்தளையில் நகல் எடுத்தார்கள். இந்த வியாபாரத்தில் ஸுபைதா முதல் ஆளும் இல்லை, கடைசி ஆளும் இல்லை. நகலை விற்ற எல்லாரும் மூன்று மாதம் விற்றார்கள், பிறகு ஈ ஓட்டினார்கள்.

கொறற்றி வேலைக்கு வந்தது 2004 இல். மாதா கோயில் பங்கில் தட்டச்சுப் படித்தவள், வயது முப்பதைத் தாண்டியவள், ரத்தோட்டைக்கு மேலே ரிவர்ஸ்டன் ஏறுகிற வழியில் இருக்கும் கறுவாமலைத் தோட்டத்துக்காரி. சீடியைக் குடைந்து பார்த்தபோது, ஆட்டக்காரர்களின் பெயர்கள் எல்லாம் ஒரே இடத்தில் வரிசையாக இருப்பதையும், அவற்றை அழித்து வேறு பெயர் அடிக்கலாம் என்பதையும் கண்டுபிடித்தாள். விளையாட்டாகத்தான் செய்தாள். வாய்க்குள் நுழையாத பெயர்களுடைய ஒரு வெள்ளைக்கார அணியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தன் தோட்டத்து டீமை உட்கார வைத்தாள். ஒன்று லெட்சுமணன், கப்டன். எட்டு நோபர்ட், அவள் தம்பி.

தன் பெயரைத் திரையில் பார்த்த அன்று நோபர்ட் சிரித்த சிரிப்பில் பக்கத்துச் சைவக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அடுத்த வாரம் தோட்டத்து லயக் குடியிருப்பில் பாதிப்பேர் பஸ் ஏறி வந்தார்கள். அதற்கடுத்த வாரம் உக்குவளைக்காரர்கள் வந்து, எங்க டீம் எங்கே என்று கேட்டார்கள். பல்லேபொலையில் மணிக்கணக்குக்குக் கம்பியூட்டர் வாடகைக்கு விடுகிற ஹேரத் வந்தார். பல்லேகமையிலிருந்து ஆள் வந்தது. இப்படிப் பதினாறு டீம் சேர்ந்து, அதற்கு மாத்தளை கப் என்று பெயரும் விழுந்துவிட்டது.

முதல் வருடம் எதுவும் விற்கும். இரண்டாம் வருடம் அதையே எப்படி விற்பது என்பதுதான் கேள்வி. 2005 இல் ஸுபைதா ஆசைப்பட்டு, அந்தக் கம்பெனியின் புதுச் சீடியையே வாங்கி வந்து, அதில் பெயர்களை ஏற்றச் சொன்னாள். படம் கண்ணைப் பறித்தது. ஆனால் ஓடுகிற பட்டன் வேறு, அடிக்கிற பட்டன் வேறு. வாங்கிப் போனவர்கள் மறுநாளே திருப்பிக் கொண்டுவந்து மேசையில் போட்டார்கள். கொறற்றி பழைய சீடிக்கே திரும்பினாள். உடம்பு பழசாகவே இருக்கட்டும், சட்டையை மட்டும் மாற்றுவோம் என்றாள். வெளிநாட்டுக்காரனும் அதைத்தான் செய்கிறான், நாம் என்ன அவனைவிடப் பெரிய ஆட்களா என்றாள்.

அது மட்டும் போதாது என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. போன வருடம் ஒருவன் குவித்த ரன் இந்த வருடச் சீடியிலும் தொடரவேண்டும். இல்லாவிட்டால் எவன் புதுசை வாங்குவான்? ஒவ்வொருவனுக்கும் ஒரு நம்பர், அந்த நம்பர் மாறாதவரைக்கும் அவன் ரன் அவனோடு நடந்துவரும். கடைகளில் யார் யாரோ உட்கார்ந்து ஆடி நோபர்ட்டின் கணக்கில் அடித்தது நாலு வருடத்தில் இரண்டாயிரத்து நூற்று நாற்பது ரன். மாவட்டத்திலேயே அதுதான் அதிகம்.

எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம் மார்க்கு. பந்தடிப்பதற்கு, பந்து போடுவதற்கு, பிடிப்பதற்கு என்று ஒவ்வொருவனுக்கும் நூற்றுக்கு இத்தனை என்று கொறற்றிதான் போட்டாள். ஏப்ரல் மாதத்து உண்மையான மேட்ச்களின் ஸ்கோர்த் தாள்களைப் பார்த்துத்தான் போட்டாள், ஆனால் எவனுக்கும் அவன் நினைத்த மார்க்கைப் போட்டதில்லை. இரண்டு குறைத்தாள், மூன்று குறைத்தாள். பல்லேகமைப் பந்துவீச்சாளர் ஒருவர், அறுபத்தாறு என்று பார்த்துவிட்டு, பஸ் மாறி மாறி வந்து கடை வாசலில் நின்று சண்டை பிடித்தார். நீ நான் போடுற பந்தைப் பார்த்திருக்கிறாயா, பார்க்காமல் எப்படி அறுபத்தாறு போட்டாய் என்றார். அடுத்த வருசம் பார்ப்போம் அண்ணே என்று கொறற்றி அடக்கமாகச் சொன்னாள். திரும்பிப் போகும்போது, தனக்கு நடந்த அநியாயத்தை ஊருக்குக் காட்டுவதற்கென்று இரண்டு சீடி வாங்கிக்கொண்டு போனார்.

"சந்தோசப்பட்டுப் போறவன் திரும்பி வரமாட்டான் ராத்தா. கோவத்தோட போறவன்தான் அடுத்த வருசமும் வருவான்" என்று அன்று கொறற்றி சொல்ல, ஸுபைதா முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

மாவட்டம் முழுக்கக் கோபத்தை அளந்து அளந்து விற்ற அவளுக்கு இன்று தன் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

நோபர்ட்டைப் பிடித்தது 2006 ஒக்டோபரில். கொழும்பில் ஒரு ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவப் போனவன், தங்கியிருந்த அறையில் சோதனை நடந்தபோது, பொலிஸ் பதிவுத் துண்டு கையில் இல்லையென்று மற்ற நான்கு பேரோடு கொண்டுபோகப்பட்டான். மற்ற நான்கு பேர் ஒவ்வொருவராக வந்துவிட்டார்கள். இவன் வரவில்லை. வழக்கும் இல்லை, குற்றமும் சொல்லவில்லை. பதினைந்து மாதமாகத் தெற்கே, மூன்று பஸ் மாறிப் போகவேண்டிய ஒரு தடுப்பு முகாமில் இருந்தான். மாதத்துக்கு ஒரு தரம் பத்து நிமிடம் பார்க்கலாம். நடுவில் இரும்பு வலை. காவலுக்கு நிற்பவருக்கு விளங்கவேண்டும் என்பதற்காகச் சிங்களத்தில்தான் பேசவேண்டும். அக்காவும் தம்பியும் பிறந்ததிலிருந்து தமிழில் அடித்துக்கொண்டவர்கள், அங்கே வெளியாள் போல நின்று சிங்களத்தில் சுகம் விசாரித்துக்கொண்டார்கள்.

டிசம்பரில் போனபோது, வக்கீல் சொன்னதை அவள் சொன்னாள். அவன் தலையை ஆட்டினான். அம்மாவுக்குப் பிரஷர் குறைந்திருக்கிறது என்றாள். அதற்கும் ஆட்டினான். கன்னம் ஒட்டிப்போய், யாரோ எழுதிக் கொடுத்ததுபோல ஆட்டிக்கொண்டே இருந்தான். கடைசியில், சிங்களத்திலேயே இதைக் கேட்டபோதுதான் அவன் கண்ணில் உயிர் வந்தது.

"இந்த வருசம் எனக்கு எத்தனை போடப் போற?"

"எழுபத்தொண்ணு."

"ரெண்டு வருசமா எழுபத்தொண்ணுலயே நிக்கிறேன். எழுபத்தஞ்சு போடு."

"ஆடாத ஆளுக்கு எப்படிடா கூட்டுறது?"

"யாரு ஆடல? ரத்தோட்டையில எல்லாக் கடையிலயும் நான்தான் ஆடிக்கிட்டு இருக்கேன்னு நீதானே சொன்ன" என்றான். நேரம் முடிந்ததென்று காவலர் கையைக் காட்டியபோது வலைக்கு அருகே வந்து, "எட்டை மட்டும் எவனுக்கும் குடுத்துராத அக்கா" என்றான். கொடுக்கமாட்டேன் என்று அவள் சத்தியம் செய்யவில்லை. சத்தியம் எதற்கு, எட்டைத் தட்டுகிற விரல் தன்னுடையதுதானே என்று நினைத்துக்கொண்டு வந்தாள்.

இப்போது ஸுபைதா அந்த விரலைத்தான் பிடித்து இழுக்கிறாள்.

"பொலிஸ் யாராவது வந்து சொன்னாங்களா ராத்தா?"

இல்லை என்றாள் ஸுபைதா.

"ஆமிக்காரங்க?"

அதுவும் இல்லை.

"அப்ப எடுக்கச் சொன்னது யாரு?"

"ஒத்தரும் சொல்லல்ல. சொல்ல முந்தி நாமளே எடுத்துடோணும். சொன்ன பிறகு எடுத்தா பிரயோசனம் ஈக்கா?"

எண்பத்துமூன்று கலவரத்தில் பக்கத்துக் கடையைக் கொளுத்தியபோது இவர்கள் கடையின் கூரையும் சேர்ந்து போன கதையை ஸுபைதா மறுபடி எடுத்தாள். தடுப்பில் இருக்கிறவனின் பெயரை அறுபது சீடியில் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினால், தேடி வருகிறவன் கிரிக்கெட் என்று நம்புவானா என்று கேட்டாள். போன வருடம் இன்றோ நாளையோ வந்துவிடுவான் என்று விட்டோம், இனி விடமுடியாது, தான் புருஷனில்லாதவள் என்றாள். அவள் சொன்னது ஒன்றும் பொய்யில்லை. அதனாலேயே கொறற்றிக்கு ஆத்திரம் கூடியது. கெட்டவர்கள் செய்தால் ஏசிவிட்டுப் போகலாம். நல்லவர்கள் பயந்து செய்வதை என்ன செய்வது?

லெட்சுமணனைக் கேட்போம் என்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு மைதானத்துக்குப் போனாள். மைதானம் என்பது தேயிலைக்கு நடுவே வெட்டிச் சமன்படுத்திய ஒரு துண்டு. சிக்ஸர் அடித்தால் பந்து கொழுந்து மலைக்குள் போய்விடும், அதைத் தேடுவதற்கென்றே ஒருவன் தேயிலைக்குள் நிற்பான். லெட்சுமணன் கொழுந்து லொறி ஓட்டுகிறவன், நோபர்ட்டோடு ஒரே வகுப்பில் படித்தவன், ஒரே தட்டில் சாப்பிட்டவன். அவளைக் கண்டதும் கால் பட்டையைக் கழற்றிக் கட்டுவதுபோல குனிந்துகொண்டான்.

அவள் சுற்றி வளைக்கவில்லை. நோபர்ட் பெயர் ஏன் லிஸ்ட்டில் இல்லை என்று கேட்டாள். பஸ் கண்டாக்டர் கையில் அவசரமாகக் கொடுத்தனுப்பியது என்றான். போன நாலு வருசமும் அதே கண்டாக்டர்தானே என்றாள். அதற்குப் பிறகு அவன் உண்மையைச் சொன்னான். அவனுடைய சின்னத் தம்பி கொழும்பில் புடவைக்கடையில் நிற்கிறான். லிஸ்ட்டின் அடியில் கப்டன் என்று கையெழுத்து வைக்கிறவன் இவன். நாளைக்கு அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு யாராவது வந்தால், நோபர்ட்டுக்குப் பக்கத்தில் தன் பெயர் இருக்கும்.

"நாலு வருசமா அவன் பேருக்குப் பக்கத்துலதான் உங்க பேரு இருந்துச்சு. அப்ப கசக்கலயா?" என்றாள் கொறற்றி.

அவன் வாயைத் திறப்பதற்குள் ரபாயேல் ஓடிவந்தான். பீலிக்கரை லயத்து மரியாயியின் மகன், பத்தொன்பது வயது, இந்த வருடம்தான் டீமில் சேர்ந்தவன். புதுசாகத் தைத்த சட்டையின் முதுகில் எட்டு என்று பெரிதாக ஒட்டியிருந்தது. பசை இன்னும் காயவில்லை, ஒரு மூலை எழும்பி நின்றது. அவன் முகத்தில் கள்ளம் ஒன்றும் இல்லை. ஆசை மட்டும்தான் இருந்தது.

"அக்கா, எட்டாம் நம்பர்ல என் பேரைப் போட்டா அந்த ரெண்டாயிரத்துச் சொச்சம் ரன்னும் எனக்கே வந்துருமாமே, உண்மையா?"

லெட்சுமணன், டேய் என்று அதட்டினான். கொறற்றி அதட்டவில்லை. வரும், அது அப்படித்தான், நம்பர் யாருக்கோ ரன் அவனுக்கு என்று அமைதியாகச் சொன்னாள். அந்த ஏற்பாட்டைச் செய்தவளே அவள்தானே. வருடா வருடம் சீடி விற்கவேண்டும் என்பதற்காகத் தன் கையால் கட்டிய வழி அது. அந்த வழியாலேயே தம்பியைத் துடைத்துப்போட்டு, அவன் அடித்ததை இன்னொருவன் தோளில் ஏற்றலாம் என்பது அவளுக்கு அதுவரை உறைக்கவில்லை. மலையிறங்கி வருகையில் கால் எங்கே வைக்கிறோம் என்று தெரியாமல் வந்தாள்.

திங்கட்கிழமை காலை ஸுபைதா கடை திறப்பதற்குள் கொறற்றி வாசலில் நின்றாள். எட்டாம் நம்பரை எடுத்துவிட்டேன் என்று பத்தரை மணிக்குச் சொன்னாள். ஸுபைதா பெருமூச்சு விட்டு, அல்லா உனக்கு நல்லதைத் தருவான் என்றாள், பிளேன்டீ வரவழைத்துக் கொடுத்தாள். கொறற்றி அதைக் குடிக்கவில்லை.

எட்டை எடுத்த பிறகு அவள் நிறுத்தவில்லை. ஏழை எடுத்தாள். ஆறை எடுத்தாள். லெட்சுமணனுக்கு வந்தபோது விசையைக் கொஞ்சம் பலமாகவே அழுத்தினாள். கறுவாமலை முடிந்ததும் உக்குவளைக்குப் போனாள். பிறகு பல்லேபொல. பிறகு பல்லேகம. டீமுக்குப் பதினைந்து பேர், பதினாறு டீம். ஒவ்வொரு பெயரையும் அவளே நாலு வருடமாக அடித்திருந்தாள். எவனுக்கு 'ழ' வராது, எவன் அப்பா பெயரின் முதலெழுத்தையும் போடச் சொல்லிக் கெஞ்சினான், எவன் கல்யாணத்துக்குப் பிறகு குட்டியண்ணன் என்பதை எடுத்துவிட்டு முழுப்பெயர் கேட்டான், எல்லாம் தெரியும். தெரிந்துதான் அழித்தாள். ரன்னையும் மார்க்கையும் தொடவில்லை. பெயர் இருந்த இடங்களில் வெறும் நம்பர்கள் மட்டும் நின்றன. பிறகு அறுபது சீடியையும் நகல் எடுத்து, பச்சைச் சட்டை அட்டைக்குள் போட்டுக் கட்டினாள். ஸுபைதா சரிபார்ப்பது அட்டையை மட்டும்தான். செவ்வாய்க்கிழமை பஸ்களில் ஏற்றி அனுப்பினாள்.

புதன் முழுக்கத் தொலைபேசி அடித்தது. சீடி பழுது என்று நினைத்து, ஸுபைதா மாற்றித் தருவதாக எல்லாருக்கும் சொன்னாள். வியாழன் மத்தியானம் தானே ஒன்றைப் போட்டுப் பார்த்தாள். கறுவாமலை: ஒன்று, இரண்டு, மூன்று. உக்குவளை: ஒன்று, இரண்டு, மூன்று. அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"என்ட கடையை மூடவா பாக்கிறாய் நீ?"

"நீங்க ஒண்ணை எடுக்கச் சொன்னீங்க. நான் எல்லாத்தையும் எடுத்தேன். பயம்னா எல்லாருக்கும் ஒரே பயமா இருந்துட்டுப் போகட்டும் ராத்தா. நாளைக்கு யாரைப் பிடிப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. அதுனால முன்கூட்டியே எடுத்துட்டேன். நீங்கதானே சொன்னீங்க, சொல்ல முந்தி எடுக்கணும்னு."

ஸுபைதா அவளை வெளியே போகச் சொன்னாள். கொறற்றி கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினாள். ஆனால் பெயர்கள் அனைத்தும் அவள் வீட்டில், அவள் கைப்பட எழுதிய கொப்பியில் இருந்தன. அது நினைவுக்கு வந்ததும் ஸுபைதாவே, இரு என்றாள். இருவரும் மூலைக்கொருவராக உட்கார்ந்து, சாயங்காலம்வரை கடை நடத்தினார்கள்.

சனிக்கிழமை ஊரே வந்தது. அறுபத்தாறு மார்க்குப் பல்லேகமைக்காரர் முதல் பஸ்ஸில் வந்து, எனக்கு மார்க்கைக் குறைத்தாய் பொறுத்தேன், ஆளையே காணோமே என்று கேட்டார். குரலில் ஏசலைவிட அழுகைதான் அதிகமாக இருந்தது. உக்குவளைக்காரர்கள் பணத்தைத் திருப்பித் தரச் சொன்னார்கள். கொறற்றி மேசைக்குப் பின்னால் எழும்பி நின்று எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொன்னாள். கறுவாமலைக் கப்டன் ஒரு பெயரை எடுக்கச் சொன்னார், ஒன்றை எடுக்கலாம் என்றால் எதையும் எடுக்கலாம், அவரையே கேளுங்கள். லெட்சுமணன் வாசலில் நின்றான். லொறி உடுப்போடு வந்திருந்தான். எல்லாரும் அவன் பக்கம் திரும்பினார்கள்.

யார் பெயர் என்று கேட்டவர் ஹேரத். பல்லேபொல டீமின் கப்டன், நாற்பத்தாறு வயது, தொப்பையோடு மெதுவாகப் பந்து போடுகிற மனிதர், மிளகும் விற்பார். சிங்களத்தில்தான் கேட்டார். நோபர்ட் என்று கொறற்றி சொன்னதும் அவர் முகம் சிவந்துபோயிற்று. இனி இவரும் பயப்படுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் பயப்படவில்லை. தன் கடைக் கம்பியூட்டரில் அச்செடுத்த தாள் ஒன்றைச் சட்டைப் பையிலிருந்து உருவி, லெட்சுமணனின் மூக்குக்குக் கீழே நீட்டினார். நாலு வருட விக்கெட் எல்லாம் அதில் வரிசையாக இருந்தன. அதில் மேலே இருந்த வரியில் விரலை வைத்தார். போன வருடம்வரை அது, நோபர்ட் போல்ட் ஹேரத். இப்போது, எட்டு போல்ட் ஐந்து. ஐந்து என்பது அவருடைய நம்பர்.

நிற்பவர்கள் எல்லாருக்கும் விளங்கட்டும் என்று தமிழுக்குத் தாவினார்.

"நான் வாழ்க்கையில எடுத்த பெரிய விக்கெட் இந்தப் பையன். என் வீட்டு நோனாவுக்குக்கூட அது தெரியும். இப்ப நான் யாரை அவுட்டாக்கினது? எட்டையா? எட்டை யாரும் அவுட்டாக்க ஏலுமா?"

யாரோ சிரித்தார்கள். ஹேரத் சிரிக்கவில்லை. அந்தப் பையன் தடுப்பில் இருப்பது தனக்கும் தெரியும், அதற்காக அவன் அடித்த சிக்ஸர் அடிக்காத சிக்ஸர் ஆகிவிடுமா என்று சிங்களத்தில் கேட்டுவிட்டு, அந்தப் பெயர் இல்லாவிட்டால் தனக்குப் பத்துச் சீடியும் வேண்டாம் என்று மேசையில் போட்டார். பல்லேகமைக்காரருக்கும் அப்போதுதான் நினைவு வந்தது. அவரும் நோபர்ட்டை ஒருதரம் பிடித்து வெளியேற்றியிருக்கிறார். அவரும் தன் சீடியை அதன்மேல் போட்டார். உக்குவளைக்காரர்களில் ஒருவன், நோபர்ட்டிடம் ஒரே ஓவரில் இருபத்துநாலு வாங்கியவன், அது மறைந்துபோனால் தனக்கு நல்லதுதான் என்று முணுமுணுத்தான். ஆனாலும் தனியாக நிற்கக் கூச்சப்பட்டுத் தன்னுடையதையும் வைத்தான். நியாயத்துக்காக வந்தவர்கள் அதில் ஒருவருமில்லை. அவரவர் ரன், அவரவர் விக்கெட். கொறற்றிக்கு அது போதும்.

அவள் ஒரு வெள்ளைத் தாளையும் பேனையையும் லெட்சுமணன் முன்னால் வைத்தாள்.

அவன் எழுதினான். லெட்சுமணன், நாகமுத்து, இராமசாமி. ஏழுவரைக்கும் வேகமாக எழுதினான். எட்டில் பேனை நின்றது.

"அக்கா, இதை நீங்களே எழுதிக்கங்களேன்."

"நான் எழுதினா அக்கா எழுதினதா இருக்கும். டீம் எழுதினதா இருக்கணும்."

"நாளைக்கு என்னைத் தேடி வந்தாங்கன்னா?"

"கொறற்றி எழுதச் சொன்னான்னு சொல்லுங்க. அதையும் கீழ எழுதி நான் கையெழுத்து வச்சுத் தரவா?"

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையில் வெறுப்பு இருந்தது. அது அவளுக்கும் விளங்கியது. நட்பில் விழுந்த அந்தக் கீறல் இனிமேல் ஒட்டாது, நோபர்ட் வந்தாலும் ஒட்டாது. பரவாயில்லை என்று நின்றாள். அவன் எழுதினான். எழுத்து கோணலாக விழுந்தது. ரபாயேலின் பெயரைப் பதினாறாவதாகக் கீழே சேர்த்துவிட்டு, அடியில் கப்டன் என்று கையெழுத்து வைத்து, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் இறங்கிப் போனான்.

ஸுபைதா அந்தத் தாளை எடுத்துப் படித்தாள். படித்துவிட்டு மடித்து, கல்லாவுக்குள் போடாமல், தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள். தேடி வந்தால் அது கடையில் கிடைக்கக் கூடாது என்றாள். பிறகு கொறற்றியிடம், அழிச்ச கையாலயே எல்லாத்தையும் திரும்ப அடி, ஒரு நாளைக்கும் சம்பளம் இல்லை என்றாள். கோபம் அவளுக்கும் ஆறவில்லை. ஆனாலும் பிளேன்டீ வந்தது. இந்த முறை கொறற்றி குடித்தாள்.

மூன்று நாள் அடித்தாள். பதினாறு டீமையும் முடித்துவிட்டுக் கடைசியில்தான் எட்டுக்கு வந்தாள். நோபர்ட். வயது என்ற இடத்தில் இருபத்தேழு என்றிருந்தது. அதை இருபத்தெட்டாக்கினாள். உள்ளே இருக்கிறவனுக்கும் வயது ஏறத்தான் செய்யும், ஏறாவிட்டால்தான் பயப்படவேண்டும். பிறகு மார்க்கு. அவன் கேட்டது எழுபத்தைந்து. கொடுத்தால் என்ன? இத்தனை நடந்த பிறகு ஒரு நாலு மார்க்கைக் கூட்டினால் யார் கேட்கப் போகிறார்கள்? அவள் ஏழைத் தட்டினாள். ஐந்தின்மேல் விரலை வைத்தாள். எழுபத்தைந்து என்று கேட்டதும் அவன் முகம் மலர்வதை நினைத்துப் பார்த்தாள். மலர்ந்துவிட்டு, மறுபடி தலையை ஆட்டத் தொடங்குவான். வக்கீலுக்கு ஆட்டுவதுபோல, பிரஷருக்கு ஆட்டுவதுபோல.

விரலை ஒரு விசை இடப்பக்கம் நகர்த்தினாள்.

பெப்ரவரியில் போனாள். மூன்று பஸ், இரண்டு சோதனை, ஒரு இரும்பு வலை. அம்மா சுகம் என்று சிங்களத்தில் சொன்னாள். அவன் ஆட்டினான். வக்கீல் அடுத்த மாதம் பார்ப்போம் என்றார் என்றாள். ஆட்டினான்.

"எத்தனை போட்ட?" என்றான்.

"எழுபத்திநாலு."

தலை ஆடுவது நின்றது. அவன் இரண்டு கையாலும் வலையைப் பிடித்தான். பதினாறு மாதத்தில் அந்த முகத்தில் இரத்தம் ஓடி அவள் அன்றுதான் பார்த்தாள். என்ன பாஷையில் பேசவேண்டும் என்பது அவனுக்கு மறந்துபோயிற்று.

"ஒண்ணு குறைச்சியா? வேணும்னே குறைச்சியா? கூடப்பிறந்தவளா நீ? எழுபத்தஞ்சுன்னு சொன்னேனா இல்லையா?"

காவலர் திரும்பிப் பார்த்து, சிங்களத்தில் பேசு என்று சத்தம் போட்டார். நோபர்ட் கேட்கவில்லை. பல்லேகமைக்காரனுக்கெல்லாம் கூட்டியிருப்பாய், எனக்குத்தான் உனக்குக் கை வராது என்று தமிழிலேயே கத்தினான். நேரம் முடிவதற்குள்ளேயே நேரம் முடிந்ததென்று அவனை இழுத்தார்கள்.

கொறற்றியும் விடவில்லை. அவளும் தமிழிலேயே, வலை அதிரும்படி திருப்பிக் கத்தினாள்.

"குறைன்னா வெளிய வந்து கடை வாசல்ல நின்னு கேளுடா."

"வந்து கேப்பேன்" என்று உள்ளேயிருந்து அவன் குரல் வந்தது. "வந்து உன்னைக் கேக்காம விடமாட்டேன்."

வெளியே தள்ளப்பட்டு, அடையாள அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அவள் முதல் பஸ்ஸுக்கு நின்றாள். அடுத்த வருட அட்டைக்குச் சிவப்புச் சட்டை போடச் சொல்லி ராத்தாவிடம் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.